எண்பத்தேழும் இருபத்திரண்டும்

ஒரே மனிதருக்கு ஒரு தடவை நூற்றுக்கு 87. ஏழு வருஷம் முடிவதற்குள் அதே மனிதருக்கு நூற்றுக்கு 22. பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தால், "புத்தகத்தைத் தொடுவதையே விட்டுவிட்டாயா?" என்று தகப்பனார் காதைத் திருகியிருப்பார். ஆனால் இந்த மார்க்குகளை வாங்கியவர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஜனாதிபதி ஹாரி ட்ரூமன். மார்க்குப் போட்டவர்கள் அந்த நாட்டு ஜனங்கள். 1945-ஆம் ஆண்டின் மத்தியில் அவர்களில் நூற்றுக்கு 87 பேர், "இவர் தம் வேலையைச் செய்கிற விதம் எங்களுக்குச் சம்மதம்" என்றார்கள். 1952 பிப்ரவரியில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 22 பேர்தான்.

இடையில் மனிதர் மாறிவிட்டாரா என்றால், அதுதான் இல்லை. ட்ரூமனுடைய வாழ்க்கையைப் படிக்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, அவர் கடைசி வரையில் மாறவே இல்லை என்பது. விடியற்காலையில் எழுந்து ராணுவக் கணக்குப்படி நிமிஷத்துக்கு நூற்றிருபது அடி வைத்து நடப்பார். மிஸௌரி மாநிலத்துக் குடியானவனின் பேச்சு. சட்டென்று மூளுகிற கோபம். 1945-லும் அவர் அப்படித்தான், 1952-லும் அப்படித்தான். பின்னே 87 எப்படி 22 ஆயிற்று?

அதைச் சொல்வதற்கு முன் மார்க்குப் போடுகிற யந்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். அயோவா மாநிலத்தில் 1901-ல் பிறந்த ஜார்ஜ் கேலப் என்பவர் அதைப் பிரபலமாக்கினார். 1932-ல் அவருடைய மாமியார் அயோவாவில் மாநிலச் செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டார். மருமகப்பிள்ளை, ஊரார் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரித்துக் கணக்குப் போட்டார். மாமியாரைப் பற்றி ஊர் அபிப்பிராயத்தைக் கேட்கத் துணிந்த மருமகன், பிற்பாடு ஜனாதிபதிகளைப் பற்றிக் கேட்கத் தயங்கவில்லை என்பதில் ஆச்சரியம் என்ன? மாமியார் ஜெயித்தார். 1935-ல் கேலப், பிரின்ஸ்டன் நகரில் பொதுஜன அபிப்பிராயத்தை அளப்பதற்கென்றே ஒரு நிலையம் ஆரம்பித்தார்.

அவருடைய சித்தாந்தம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கேலப் சோற்றுக்குப் பதிலாக ஸூப்பைச் சொன்னார்: நன்றாகக் கலக்கிவிட்டால் ஒரு கரண்டி போதும், அண்டா முழுவதையும் குடித்துப் பார்க்க வேண்டியதில்லை. 1936 தேர்தலில் இதை நிரூபித்தும் காட்டினார். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பெரிய பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குத் தபால் அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பதில்களை எண்ணி, ரூஸ்வெல்ட் தோற்றுப் போவார் என்று அறிவித்தது. அதைவிட மிகக் குறைந்த பேரை மட்டும் கேட்ட கேலப், ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்றார். அப்போதிருந்த 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட் பக்கம் விழுந்தன. பத்திரிகையார் விலாசங்களைத் தேடிய இடம் டெலிபோன் புத்தகமும் மோட்டார் வண்டிப் பதிவேடும். பஞ்ச காலத்தில் டெலிபோனும் மோட்டாரும் வைத்திருந்தவன் ரூஸ்வெல்ட்டை விரும்புவானா? கோடி அட்டை அனுப்பினாலும் பானையின் மேல் சோற்றைத்தான் தொட்டார்கள். இரண்டே வருஷத்தில் அந்தப் பத்திரிகை மூடப்பட்டது.

தேர்தல்தான் நாலு வருஷத்துக்கு ஒரு முறை. நடுவில் யந்திரம் சும்மா இருக்க வேண்டுமா? ஆகவே கேலப்பின் ஆட்கள் அடிக்கடி போய், ஜனாதிபதி தம் வேலையை நடத்துகிற விதத்தை ஒப்புகிறீர்களா, ஒப்பவில்லையா என்று கேட்டார்கள். கேள்வியைக் கவனியுங்கள். 'நல்லவரா?' என்று கேட்கவில்லை. 'சரித்திரத்தில் நிற்பாரா?' என்றும் கேட்கவில்லை. இன்றைக்கு, இந்த வேலையை, இவர் செய்கிற விதம் பிடித்திருக்கிறதா, அவ்வளவுதான். பத்திரிகையில் அச்சாகி மறுநாள் காலையில் காப்பியோடு வரும்போது அது மனிதருக்கே போட்ட மார்க்காக ஆகிவிடுகிறது.

இனி 87-ஐப் பார்ப்போம். 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி ரூஸ்வெல்ட் ஜார்ஜியா மாநிலத்தில் திடீரென்று காலமானார். ட்ரூமன் உப ஜனாதிபதியாகி அப்போது 82 நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளை மாளிகையிலிருந்து அவசரக் கூப்பிடு வந்து ஓடினார். செய்தியைச் சொன்னவர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார். தங்களுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று ட்ரூமன் கேட்டபோது, அந்த அம்மாள், நாங்கள் உங்களுக்கு என்ன செய்யலாம், இப்போது கஷ்டத்தில் இருப்பவர் நீங்கள் அல்லவா என்றாராம். புருஷனைப் பறிகொடுத்த நாழிகையில் வந்த வார்த்தை அது.

ரூஸ்வெல்ட் பன்னிரண்டு வருஷம் ஆண்ட பெரிய ஆலமரம். அந்த இடத்தில் வந்தவரோ கல்லூரிப் பட்டம் பெறாதவர். வயலில் ஏர் பிடித்தவர். கான்ஸாஸ் ஸிட்டியில் சட்டையும் தொப்பியும் விற்கும் கடை வைத்துக் கடனாளி ஆனவர். ஐயோ பாவம் என்று ஜனங்கள் இரங்கினார்கள். அடுத்த மாதம் 8-ஆம் தேதி ஜெர்மனி சரணடைந்தது வெளியாயிற்று. அன்று ட்ரூமனுக்கு அறுபத்தோராவது பிறந்த நாள்! சேனையைத் திரட்டியவர் வேறொருவர், நடத்தியவர்கள் வேறு பலர். வெற்றி மாலை மட்டும் இவர் கழுத்தில் வந்து விழுந்தது. 87 பேர் அப்போதுதான் கை தூக்கினார்கள். ரூஸ்வெல்ட்டுக்கே அவ்வளவு உயரம் ஒருநாளும் கிட்டியதில்லை. சாவின் துக்கமும் யுத்தத்தின் முடிவும் சேர்ந்து தந்த எண் அது. ட்ரூமன் அதுவரையில் செய்திருந்த வேலை மிகச் சொற்பம்.

அதே ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகஸாகி. ஜப்பானிய நகரங்களின் மீது அணுகுண்டு போட்டதை ஒப்புகிறீர்களா என்று அந்த மாதமே கேலப் நிலையம் கேட்டது. நூற்றுக்கு 85 பேர் ஒப்பினார்கள். எழுபது வருஷம் கழித்து 2015-ல் வேறொரு நிலையம் அதே விஷயத்தை அமெரிக்கர்களிடம் கேட்டபோது, அது நியாயமே என்றவர்கள் நூற்றுக்கு 56 பேர். ஜனங்களின் சம்மதம் என்பதை ஒரு செயலுக்குக் கிடைத்த மன்னிப்புச் சீட்டாக எடுத்துக்கொள்ளத் துணிகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

யுத்தம் முடிந்தது, ஜனங்களுக்கு இறைச்சியும் மோட்டாரும் வீடும் வேண்டியிருந்தன. எதுவும் கிடைக்கவில்லை. எஃகுத் தொழிலாளர், சுரங்கத் தொழிலாளர், ரயில்வேத் தொழிலாளர் ஒருவர் பின் ஒருவராக வேலை நிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறிற்று. 1946 இலையுதிர் காலத்தில் ட்ரூமனின் எண் 32, 33 என்று தேய்ந்து கிடந்தது. நவம்பர்த் தேர்தலில் எதிர்க்கட்சியான ரிபப்ளிகன் கட்சி இரண்டு சபைகளையும் பிடித்துக்கொண்டது. ட்ரூமனுடைய சொந்தக் கட்சி ஸெனட்டரான ஃபுல்பிரைட்டே, ட்ரூமன் ராஜினாமாச் செய்துவிட்டு எதிர்க்கட்சிக்காரருக்கு இடம் விடலாம் என்று யோசனை சொன்னார். பள்ளிக்கூடத்தில் 35 வாங்காவிட்டால் பெயில் என்கிற நமது நினைப்பு ஸெனட்டருக்கும் இருந்திருக்கும் போலிருக்கிறது.

இந்த இடத்தில்தான் கதை சுவாரஸ்யமாகிறது. 1946 பிப்ரவரியில் ஐஸக் உட்டர்ட் என்ற கறுப்பு ஸார்ஜெண்டு ராணுவத்திலிருந்து விடுதலை பெற்று, உடுப்பைக் கூடக் களையாமல், பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் பஸ் டிரைவரோடு ஒரு வாய்த்தகராறு. தெற்குக் கரோலினாவில் ஓர் ஊர்ப் போலீஸ்காரர்கள் அவரை இறக்கி அடித்தார்கள். அடியில் இரண்டு கண்களும் போயின. பிற்பாடு வெள்ளையர்களே நிறைந்த ஜூரி, அரை மணிக்குள் அந்தப் போலீஸ் அதிகாரியை விடுதலை செய்துவிட்டது. கறுப்பு மக்களின் தலைவர்கள் செப்டம்பரில் வந்து இந்தச் சம்பவத்தைச் சொன்னபோது ட்ரூமன் துடித்துப் போனார்.

அவர் ஒன்றும் சீர்திருத்தக் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. பாட்டன் பாட்டிமார்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள். கறுப்பரை இழிவாகக் குறிப்பிடும் பழக்கம் அவர் அந்தரங்கப் பேச்சிலிருந்து முழுவதும் போய்விடவும் இல்லை. ஆனாலும் சொந்த ராணுவத்தின் உடுப்பு அணிந்தவனைக் குருடாக்கிவிட்டார்கள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. டிசம்பரில் கமிட்டி நியமித்தார். 1948 பிப்ரவரியில் கறுப்பரின் உரிமைக்கென்று சட்டங்கள் கோரினார். ஏப்ரலில் அவருடைய எண் 36. தேர்தல் வருஷம், தென் மாநிலங்களின் ஓட்டு இல்லாமல் அவர் கட்சி எந்தக் காலத்திலும் நிமிர்ந்ததில்லை. அப்படி இருந்தும் ஜூலை 26-ஆம் தேதி, ராணுவத்தில் எல்லா நிறத்தாருக்கும் சமமான நடத்தை என்று உத்தரவில் கையெழுத்திட்டார். தென்னாட்டார் தனிக்கட்சி கட்டிக்கொண்டு போனார்கள். நான்கு மாநிலங்களையும் கொண்டு போனார்கள். வடக்கு நகரங்களில் இருந்த கறுப்பரின் ஓட்டும் அவர் கணக்கில் இருந்தது என்பார்கள். இருக்கட்டுமே! கணக்குத் தெரிந்தவன் நியாயம் செய்யக்கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது?

அந்தத் தேர்தலின் கதை எல்லோரும் அறிந்தது. எதிராளி நியூயார்க் கவர்னர் டியூயி. ஐம்பது அரசியல் எழுத்தாளர்களை ஒரு வாரப் பத்திரிகை கேட்டது. ஐம்பது பேரும் டியூயி என்றார்கள். ரோப்பர் என்ற இன்னொரு கணக்குக்காரர், முடிவுதான் தெரிந்துவிட்டதே என்று செப்டம்பரிலேயே தம் கடையைக் கட்டிவிட்டார். ட்ரூமனோ ரயிலில் ஏறிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கடைசிப் பெட்டியின் வாசலில் நின்று, எதிர்க்கட்சிக் காங்கிரஸைத் திட்டித் தீர்த்தார். (இது நம் காங்கிரஸ் அல்ல, அவர்கள் பார்லிமெண்டுக்கு அந்தப் பெயர்.) நவம்பர் 2-ஆம் தேதி ராத்திரி அவர் பேசாமல் படுத்துத் தூங்கினார். டியூயி ஜெயித்ததாகக் கொட்டை எழுத்தில் போட்டிருந்த சிகாகோ டிரிப்யூனைக் கையில் தூக்கிக்கொண்டு செயின்ட் லூயிஸ் ஸ்டேஷனில் அவர் சிரிக்கிற படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

எனக்கு அந்தப் படத்தைவிட வேடிக்கையாகத் தோன்றுவது கேலப்பின் கடைசிக் கணக்கு. டியூயிக்கு 49.5, ட்ரூமனுக்கு 44.5 என்று போட்டிருந்தார். ஓட்டை எண்ணியபோது ட்ரூமனுக்கு 49.6, டியூயிக்கு 45.1. எண்கள் கிட்டத்தட்ட சரிதான். பெயர்கள்தாம் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன! பண்டிதர்கள் கூடி ஆராய்ந்தார்கள். தேர்தலுக்குச் சில வாரம் முன்னதாகவே கேள்வி கேட்பதை நிறுத்தியது ஒரு தப்பு. இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை ஏழை என்று தொகையைச் சொல்லி, யாரைக் கேட்பது என்பதை ஆட்களின் இஷ்டத்துக்கு விட்டது இன்னொரு தப்பு. ஏழைகளிலும் கொஞ்சம் சுத்தமான வாசலாகப் பார்த்துத்தான் மனிதன் கதவைத் தட்டுவான். 1936-ல் பத்திரிகை செய்த பிழையை, அதைப் பார்த்துச் சிரித்தவரே சிறிய அளவில் செய்துவிட்டார்.

ஜெயித்தவுடன் 1949 ஜனவரியில் எண் 69-க்கு ஏறிற்று. அதற்குப் பிறகு ஏற்றம் இல்லை. 1950 ஜூன் 25-ஆம் தேதி கொரியாவில் யுத்தம் மூண்டது. ட்ரூமன் சேனையை அனுப்பியபோது தேசம் கை தட்டியது. சீனர்கள் தலையிட மாட்டார்கள் என்று தளபதி மக்கார்தர் அக்டோபரில் வேக் தீவில் ஜனாதிபதியிடம் நேரில் தைரியம் சொன்னார். நவம்பரில் சீனர்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கி, கடுங்குளிரில் அமெரிக்கச் சேனையைத் தெற்கே துரத்தினார்கள். 1951 பிப்ரவரியில் ட்ரூமனின் எண் 26.

எண் இப்படி இறங்கினால் இறங்கட்டுமே, நாலு வருஷம் யாரும் அசைக்க முடியாதே என்று தோன்றலாம். விஷயம் அப்படி இல்லை. அமெரிக்க ஜனாதிபதி உத்தரவிட்டு நடத்துகிற காரியம் கொஞ்சம். மற்றவர்களை இணங்க வைத்து நடத்துகிற காரியம்தான் அதிகம். ட்ரூமனிடம் வேலை பார்த்த நியூஸ்டாட் என்ற பேராசிரியர் பிற்பாடு இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இதன் சூடு நம் வரைக்கும் எட்டியது. எண் 26 ஆக இருந்த அந்தப் பிப்ரவரியில்தான், பஞ்சத்தின் விளிம்பில் நின்ற இந்தியாவுக்கு இருபது லட்சம் டன் தானியம் தர வேண்டுமென்று ட்ரூமன் காங்கிரஸைக் கேட்டார். கொரியா விஷயத்தில் நேரு சொன்னவை அங்கே பலருக்குக் கசந்திருந்தன. பேசினார்கள், பேசினார்கள், நாலு மாதம் பேசினார்கள். ஜூன் 15-ஆம் தேதிதான், பத்தொன்பது கோடி டாலர் கடனாக, சட்டம் கையெழுத்தாயிற்று. 87 பேர் பின்னால் நின்ற ஜனாதிபதி கேட்டிருந்தால் இவ்வளவு நாள் பிடித்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இதற்கு நடுவில் மக்கார்தர் விவகாரம். தளபதி, யுத்தத்தைச் சீனாவுக்கே கொண்டு போக வேண்டும் என்று கட்சி கட்டினார். எதிர்க்கட்சித் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் சபையிலேயே வாசிக்கப்பட்டது. ஏப்ரல் 11-ஆம் தேதி, நடுநிசிக்கு மேல் ஒரு மணிக்குப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, தளபதியைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டதாக வெள்ளை மாளிகை அறிவித்தது. தேசம் கொதித்தெழுந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் நீக்கியது தப்பு என்றார்கள். வசவுத் தந்திகள் வந்து குவிந்தன. சில ஊர்களில் ட்ரூமனின் கொடும்பாவி எரிந்தது. நியூயார்க்கில் மக்கார்தர் ஊர்வலம் போனபோது லட்சக்கணக்கான ஜனங்கள் காகித மழை பொழிந்தார்கள். அதே நாளில் வாஷிங்டனில் பேஸ்பால் பந்தயத்தைத் தொடங்கிவைக்கப் போன ஜனாதிபதியை, கூட்டம் கூச்சலிட்டு அவமதித்தது.

அடுத்த மாதம் ஸெனட் விசாரணை நடந்தது. தளபதி சொல்வதைக் கேட்டால் உலக யுத்தம் மூளும் என்று ராணுவத்தின் தலைவர்களே ஒவ்வொருவராக வந்து சாட்சி சொன்னார்கள். ஆரவாரம் மெல்ல அடங்கிற்று. தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்குத் துப்பாக்கி ஏந்தியவன் அடங்கி நடக்க வேண்டும் என்ற விதி பிழைத்துக்கொண்டது. தளபதிகள் அரசாங்கத்தைத் தட்டிப் பறித்த தேசங்களை நம் அண்டையிலேயே கண்ட நமக்கு அந்த விதியின் விலை தெரியும். ஆனால் ட்ரூமனின் எண் எழுந்திருக்கவில்லை. யுத்தம் முடிகிற வழியாக இல்லை. வரி வசூல் இலாகாவில் லஞ்ச ஊழல். வெள்ளை மாளிகைக் குமாஸ்தா ஒருத்திக்கு வந்த மிங்க் ரோமக் கோட்டைப் பற்றி ஊரெல்லாம் கேலி. 1952 பிப்ரவரியில் 22. மார்ச்சு மாதக் கடைசியில், இனித் தேர்தலுக்கு நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். பிற்காலத்தில் வாட்டர்கேட் சேற்றில் சிக்கிப் பதவி துறந்த நிக்ஸனுக்குக் கூட 1974 ஆகஸ்டில் 24 இருந்தது.

இந்த எண்களைப் பற்றி ட்ரூமன் தமக்காக எழுதி வைத்த குறிப்பு ஒன்று உண்டு. மோஸஸ் எகிப்தில் கருத்துக் கணக்கு எடுத்திருந்தால் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று அதில் கேட்கிறார். கேள்வி ரஸமானதுதான். ஆனால் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வந்தவர் மோஸஸைத் துணைக்கு அழைப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மோஸஸுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தேர்தல் இல்லை.

1962-ல் எழுபத்தைந்து சரித்திர அறிஞர்கள் ஜனாதிபதிகளை வரிசைப்படுத்தினார்கள். உயிரோடிருந்த ட்ரூமனுக்கு ஒன்பதாவது இடம். மகா புருஷர்களுக்கு அடுத்த பந்தி. 2000-லும் 2009-லும் வேறோர் அறிஞர் கூட்டம் அவரை ஐந்தாவது இடத்தில் உட்கார வைத்தது. 2017-லும் 2021-லும் ஆறாவது. 22 போட்ட ஜனங்கள் மூடர்கள், அறிஞர்கள்தாம் கண் திறந்தவர்கள் என்று இதை வைத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அறிஞர்கள் மார்க்குப் போடும்போது முடிவு தெரிந்திருந்தது. உலக யுத்தம் மூளவில்லை, தென் கொரியா பிழைத்தது என்பதெல்லாம் கையில் இருந்தது. 1952-ல் கதவைத் தட்டியவனிடம் பதில் சொன்ன தாய்க்கு என்ன தெரியும்? மகன் பனியில் கிடக்கிறான் என்பது தெரியும். எதற்கு என்பது தெரியாது. அந்த யுத்தத்தில் செத்த அமெரிக்கர் 36,000-க்கு மேல், கொரியர்கள் லட்சக்கணக்கில்.

1953-ல், ட்ரூமன் பதவியை விட்டு இன்டிபெண்டன்ஸ் என்ற தம் ஊருக்குத் திரும்பியிருந்த சமயம், அவருக்குத் தபாலில் ஒன்று வந்தது. கொரியாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனார், மகனுக்குச் சர்க்கார் கொடுத்த பதக்கத்தைக் கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார். எங்கள் மகன் செத்ததற்கு நேர்ப் பொறுப்பு நீங்கள். உங்கள் சரித்திரப் பிரசித்தமான காரியங்களின் ஞாபகமாக இதை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். அவனுக்கு நேர்ந்தது உங்கள் மகளுக்கு நேரவில்லையே என்பதுதான் எங்கள் வருத்தம் என்றும் இருந்தது. ட்ரூமனுக்கு ஒரே மகள்.

1972 டிசம்பர் 26-ஆம் தேதி ட்ரூமன் காலமானார். அவர் உட்கார்ந்து வேலை செய்த நூல்நிலையத்து மேஜையை ஒழித்தபோது, இழுப்பறையில் அந்தக் கடிதமும் பதக்கமும் இருந்தன.